எலும்பில் எழுதிய பெயர்கள்

1/ லேஸ்னா நமக்கு தலையணை உறை ஓரமும் பாவாடை ஓரமும்தான் ஞாபகம் வரும். இப்ப பெரும்பாலும் மிஷின். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல அதைக் கையால பின்னின ஏழைப் பெண்கள் எலும்புல விட்டுட்டுப் போன பெயர்கள் பத்தி ஒரு த்ரெட்.

2/ வைக்கோல் திணிச்ச கெட்டித் தலையணை. அது மேல டிசைன்படி துளை போட்ட தோல். ஒவ்வொரு நூல் நுனியிலயும் ஒரு குச்சி, அதுதான் பாபின். நூலைக் குறுக்கே மாத்தணும், முறுக்கணும், குண்டூசி குத்தணும். அடிப்படை அசைவு முதல் ரெண்டுதான். ஆனா அகலமான லேஸுக்கு நூத்துக்கும் மேல பாபின் வேணும்.

3/ பெட்ஃபோர்ட்ஷயர், பக்கிங்ஹாம்ஷயர் கிராமங்கள்ல 5, 6 வயசுலயே குழந்தைங்களை "லேஸ் ஸ்கூல்"ல விட்டாங்க. பேருதான் ஸ்கூல். நாள் முழுக்க குனிஞ்சு வேலை. இருட்டினா ஒரே மெழுகுவத்தி. தண்ணி நிரப்பின கண்ணாடிக் குடுவை வழியா வெளிச்சத்தைக் குவிச்சு, சுத்தி பல பேர் உட்காருவாங்க.

4/ புகைக்கரி பட்டா வெள்ளை லேஸ் வீணாகும். அதனால குளிர்லயும் அடுப்பு மூட்ட மாட்டாங்க. தணல் போட்ட சட்டியைப் பாவாடைக்கு அடியில வச்சுப்பாங்க. வளர்ற வயசுல கண்ணும் முதுகும் என்ன பாடுபட்டிருக்கும்னு சொல்ல எம்பிபிஎஸ் தேவையில்ல.

5/ முடிச்ச லேஸ் வியாபாரி கைக்குப் போகும், அங்கிருந்து பணக்காரங்க உடுப்புக்கு. பின்னினவ பெயர் அதுல இருக்காது. ஆனா பாபின் அவளோடது. பல பாபின்கள் மாட்டெலும்புல செதுக்கினவை. சின்னச் சின்னப் புள்ளியா குடைஞ்சு, சிவப்பு, நீலம்னு சாயம் ஏத்தி எழுத்து. அடியில மணி வளையம். பாபின் உருளாம, நூல் இறுக்கமா நிக்கறதுக்கு.

6/ என்ன எழுதினாங்க? காதலன் பெயர், பிறந்த குழந்தை பெயர், செத்துப்போன உறவோட பெயர். தூக்குத் தண்டனை கூட! மனைவியைக் கொன்னதுக்காக 1860ல பெட்ஃபோர்டுல தூக்கிலிடப்பட்ட ஜோசப் காஸில் பெயர் பொறிச்ச பாபின்கள் இன்னும் இருக்கு. அழுகை, ஆசை, ஊர்ப் பேச்சு எல்லாமே அந்தத் தலையணை மேலதான் தொங்குச்சு.

7/ 1809ல ஜான் ஹீத்கோட் லேஸ் வலை பின்னும் மிஷினுக்கு காப்புரிமை வாங்கினார். அடுத்தடுத்து வந்த மிஷின்கள் கைத்தொழிலைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடுச்சு. அன்னிக்கு வயித்துப் பிழைப்பு, இன்னிக்குப் பொழுதுபோக்கு. இப்பவும் கல்யாணம், குழந்தை பிறப்புக்குப் பெயர் பொறிச்ச பாபின் பரிசா குடுக்கறாங்க.

8/ கத்துக்க ஆசையா? நூல்தான் முக்கியம். வழவழப்பா, நல்லா முறுக்கேறின, இழுத்தா நீளாத பருத்தி நூலோ லினன் நூலோ எடுங்க. பிசிறு வர்ற நூல் வேண்டாம். தப்பைப் பிரிக்கறது கஷ்டம். டிசைன்ல துளைங்க நெருக்கமா இருந்தா மெல்லிய நூல், தள்ளி இருந்தா தடிச்ச நூல். ஸ்கேல்ல ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை சுத்து வருதுன்னு எண்ணினா ரெண்டு நூலோட தடிமனை ஒப்பிடலாம்.

9/ அரசாங்கப் பதிவேட்டுல அவங்க வெறும் "லேஸ் தொழிலாளி". அவங்களுக்கு யார் முக்கியம்னு சொல்றது அந்த விரல் நீள எலும்புதான். மியூசியத்துல லேஸைப் பார்த்துட்டு நகராதீங்க. பக்கத்துல பாபின் இருந்தா, அதுல இருக்கற பெயரையும் படிச்சுட்டு வாங்க.