உறைந்த மண்ணும் மூடிய மண்ணும்

லடாக்கின் லே நகரிலிருந்து கார்துங் லா கணவாய்க்கு ஏறும் வழியில் கங்லாஸ் நீர்ப்பிடிப்புப் பகுதி இருக்கிறது. அதன் மேற்பகுதி, சுமார் 4,700 மீட்டர் உயரத்தில், நிலத்தடி ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் இடம். ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே மண்ணின் வெப்பநிலையை அளந்து, ஜியோடாப் என்ற கணினி மாதிரியில் கணக்கிட்டு, 2021இல் வெளியிட்டார்கள். அதன் அருகே சென்னையில் உள்ள எங்கள் கே.கே. நகரை வைத்துப் பார்ப்பது வீண்வேலை அல்ல. லேயில் ஆண்டுக்கு மழையும் பனியும் சேர்ந்தே 100 மி.மீ. அளவுதான், சென்னையில் 1,400 வரை. ஆனாலும் இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: வந்த நீரில் எவ்வளவை மண் உள்ளே விடும்?

உறைமண்ணில் நீரை மட்டும் கணக்கிட்டால் போதாது, வெப்பத்தையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதனால் மண்ணின் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே நெடுநாள் நிற்கும். இதை விட்டுவிடும் மாதிரி, மண்ணை முன்கூட்டியே திறந்துவிடும். களிமண்ணிலோ சுழியத்துக்குக் கீழும் கொஞ்சம் நீர் உறையாமல் ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், உறைவதற்கு முன்பிருந்த ஈரம். காய்ந்த நிலையில் உறைந்த மண்ணில் துளைகள் திறந்திருக்கும், உருகுநீர் இறங்கும். ஈரம் ஊறியபின் உறைந்தால் துளைகள் பனியால் அடைபட்டு, நீர் மேலாகவே ஓடிவிடும். 1989இல் வந்த ‘ஷா’ மாதிரி வெப்பத்தையும் நீரையும் ஒன்றாகவே தீர்த்தது. பரவலாகப் புழங்கும் ‘ஸ்வாட்’, மண் உறைந்தால் அதன் கொள்ளளவைக் குறைத்துவிடும் எளிய வழியில் போகிறது. பெரிய ஆற்றின் ஆண்டு வரத்துக்கு அது உதவும். உருகும் வாரத்து வெள்ளத்துக்கு நான் அதை நம்பமாட்டேன்.

கே.கே. நகருக்கு வெப்பக் கணக்கு வேண்டாம். தார்ச்சாலையும் சிமென்ட் முற்றமும் எந்தப் பருவத்திலும் திறவாதவை. ஆனால் முன் ஈரம் இங்கும் தீர்ப்புச் சொல்கிறது. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,000 மி.மீ.க்கு மேல் பெய்திருந்தது. டிசம்பர் 1ஆம் தேதி மழை, ஏற்கெனவே நிறைந்த மண்மீது விழுந்தது. அன்று காலை மண் காய்ந்திருந்ததாக வைத்துக்கொண்டு தொடங்கும் மாதிரி, இலையுதிர்கால ஈரத்தைக் கேட்காத உறைமண் மாதிரியைப் போலவே தவறும்.

ஒப்புமை இங்கே முறிகிறது. கங்லாஸ் செங்குத்துச் சரிவு. நீர் தடையின்றி இறங்கிப் போகும். இங்கே நிலம் தட்டை. அந்த மழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு சுமார் 29,000 கன அடி திறந்தபோது ஜாபர்கான்பேட்டை அருகே அடையாறு உயர்ந்து நின்றது. ஆறு அப்படி நிற்கையில் மழைநீர்க் கால்வாய் எங்கே போய் வடியும்? மண், குழாய், ஆறு, கடலலை ஆகிய நான்கையும் பிணைத்தால்தான் இப்பகுதிக்கு விடை கிடைக்கும். தேசிய கடலோர ஆராய்ச்சி மையத்தின் ‘சி-ஃப்ளோஸ்’ ஆற்றையும் அலையையும் சேர்த்தே பார்க்கிறது, நல்ல தொடக்கம்.

எனக்கு வேண்டியது தெருவளவு மண் கணக்கு. சிவன் பூங்காவின் திறந்த மண்ணையும் ஓர் அடுக்குமாடியின் சிமென்ட் தரையையும் ஒரே சராசரியில் கலந்தால் இரண்டுமே பொய்யாகும். லடாக்கில் மண்ணுக்குள் உணரிகளைப் புதைத்து அளந்தார்கள். இங்கே பழைய வீடுகளில் கிணறுகள் மிச்சமிருக்கின்றன. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபின் தோண்டிய உறைகிணறுகளும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரம் ஒருமுறை அவற்றின் நீர்மட்டத்தை அளந்து குறித்தால், மாதிரி எழுதுவோருக்கு மழைக்கு முந்தைய மண்ணின் நிலை கையில் கிடைத்துவிடும்.