அச்சுக்கும் தோளுக்கும் நடுவே: தென்காசிச் சீமையில் வண்டியின் உயரம்

பழைய பிக்கப் வண்டியைத் தூக்கிக் கட்டுவதா, இறக்கிக் கட்டுவதா என்ற கேள்வி தென்காசி, செங்கோட்டை வட்டாரப் பட்டறைகளில் எழும்போது, அது இளவட்டங்களின் அலங்கார ஆசையில் பிறந்த புதுக்கேள்வி போலத் தோன்றினாலும், அதன் வேர் மாட்டுவண்டிக் காலத்திலேயே இருக்கிறது. சரக்கு வண்டி எதுவாயினும் அதன் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் அமைய வேண்டும் என்பதில் இரண்டு தரப்புகள் ஓயாமல் வழக்காடி வந்துள்ளன: பாதை கரடுமுரடாக இருக்கும்வரை அச்சு உயரத்தைக் கேட்கும், மூட்டையை ஏற்றி இறக்கும் மனிதரின் தோளோ தாழ்வைக் கேட்கும். சாலை மாறும்போதெல்லாம் தீர்ப்பும் மாறியிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் இடைவெளி ஒன்று இங்கே ஆரியங்காவுக் கணவாய் என்றும் செங்கோட்டைக் கணவாய் என்றும் வழங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியே புகுந்துதான் ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துக்குச் சாரலையும் தென்காசிச் சமவெளிக்கு ஓயாத காற்றையும் கொண்டுவருகிறது. அரிசியும் கால்நடையும் வைக்கோலும் மேற்கே போனதும், மலைவிளைபொருள்கள் கிழக்கே வந்ததும் இதே வழியில்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும்வரை மலைக்கு அப்பாலுள்ள அரசின் கீழ் இருந்ததால், தென்காசியிலிருந்து புறப்பட்ட வண்டி கணவாயை எட்டுவதற்கு முன்பே எல்லை தாண்டியாக வேண்டும். சிற்றாற்றுப் பாசனத்தின் நன்செய்ச் சேறு ஒருபுறம், கணவாயின் கல்லும் ஏற்றமும் மறுபுறம் என இரண்டு நிலங்களுக்கும் ஒரே வண்டி ஈடுகொடுக்க வேண்டியிருந்தது.

கட்டை வண்டியின் பெரிய சக்கரத்தை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும். நடுவே குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றை வளைத்துச் சூழும் வட்டை, வட்டையின்மேல் இரும்புப் பட்டை என்று அமைந்த அச்சக்கரம் நான்கு முதல் ஐந்து அடி குறுக்களவு கொண்டது. இரும்புப் பட்டையைக் கொல்லர் மரச்சக்கரத்தைவிடச் சற்றே சிறிதாக அடித்து, நெருப்பில் காய்ச்சி விரியவைத்து, செக்கச்சிவந்த நிலையில் வட்டையின்மேல் ஏற்றி உடனே தண்ணீர் ஊற்றுவார். குளிர்ந்து சுருங்கும் இரும்பு ஆரக்கால்களைக் குடத்துக்குள் நெருக்கிச் சக்கரம் முழுவதையும் ஓர் உருப்படியாக இறுக்கிவிடும். சக்கரம் பெரிதாக இருந்தால் சிறு பள்ளம் அதை விழுங்காது, குறுக்கே கிடக்கும் கல்லை அது எளிதில் ஏறிக் கடக்கும், மாட்டின் கழுத்துக்கும் நோவு குறையும். ஆனால் அச்சு இரண்டு முதல் இரண்டரை அடி உயரத்தில் நின்றுவிடுவதால் அதன்மேல் படுக்கும் பார், அதாவது சரக்கு வைக்கும் மரச்சட்டம், மூன்றடியை நெருங்கிவிடும். அதற்குமேல் அடுக்கப்படும் ஒவ்வொரு மூட்டையும் ஏற்றுபவரின் முதுகிலிருந்து கூலி வாங்கும்.

தோளின் தரப்பு வாதத்துக்கு ஊர்ப்புறச் சாலைகளில் கல்லிலேயே சாட்சி உண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நிறுத்தப்படும் சுமைதாங்கி, நட்ட இரண்டு கற்களின்மேல் ஒரு படுகல் கிடத்திய எளிய அமைப்பு. தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் சரித்துவைத்து இளைப்பாறி, மீண்டும் தானே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். தனி ஒருவர் குனியாமலும் எம்பாமலும் சுமையை மாற்றிக்கொள்ளக்கூடிய உயரம் எது என்பதை அதை நிறுத்தியவர்கள் அறிந்திருந்தார்கள். சரக்கு வண்டிகளைப் பற்றிய பொறியியல் நூல்கள் பின்னாளில் ஏற்றுயரம் என்று பெயரிட்ட அளவு அதுவே.

மனிதர் பயணம் செய்யும் வண்டியில் உயரத்துக்கு வேறு பொருள் இருந்தது. வில்வண்டி என்பது அச்சுக்கும் வண்டிக்கூட்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி அதிர்ச்சியை அடக்கிய வண்டி. வில்போல் வளைந்து நிமிர்வதால் அப்பட்டைக்கு வில் என்றே பெயர் வந்தது. வசதி படைத்தோரின் வாகனமாக இருந்த அதில் யார் அமர்ந்து எந்தச் சாலையில் போகலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலத்தில், திருவிதாங்கூரில் புலையர் சமூகத்தில் பிறந்த அய்யன்காளி 1893இல் ஒரு வில்வண்டியை வாங்கி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதை ஓட்டிச் சென்றார். சாலையில் உயர்ந்து அமர்ந்து வருவது பிறர் கண்ணுக்காகவும் செய்யப்படும் செயல்தான். ஆனால் அது எப்போதும் வீண் பகட்டு என்று ஒதுக்கிவிடத்தக்கதன்று என்பதை இந்த ஒரு பயணமே காட்டும்.

1904இல் கொல்லம்–செங்கோட்டை மீட்டர் பாதை கணவாயைக் கடந்ததும் நெடுந்தொலைவுச் சரக்கு ரயிலுக்குப் போயிற்று. வண்டிகளுக்கு நிலையம் முதல் சந்தை வரையிலான குறுந்தொலைவு மிஞ்சியது. பின்னர் ஊர்ச்சாலைகள் மேம்பட்டு, காற்றடைத்த ரப்பர் சக்கரம் பூட்டிய டயர் வண்டி வந்தபோது, சக்கரம் சிறுத்தது, தளம் தாழ்ந்தது, பாரம் கூடியது. ரப்பரும் தார்ச்சாலையும் பெரிய மரச்சக்கரத்தின் வேலையை ஏற்றுக்கொண்டதால் தோளின் கட்சி முதன்முறையாக வென்றது எனலாம்.

வென்ற கட்சிக்கு எதிராக மேல்முறையீடு செய்தது ஜீப். இரண்டாம் உலகப்போருக்காக 1941இல் உருவான வில்லிஸ் ஜீப்பை அடிப்படையாகக் கொண்ட வண்டிகளை மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் இந்தியாவில் பூட்டத் தொடங்கி, 1953இல் அமெரிக்காவில் வெளிவந்த சிஜே-3பி வகையைப் பல பத்தாண்டுகள் இங்கேயே கட்டிவந்தது. பண்பொழி, மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்கு ஏறும் காட்டுச்சாலையைப் போன்ற பாதைகளுக்கு அது ஏற்ற வண்டி. 16 அங்குலச் சக்கரம், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை, இடவலச் சக்கரங்களுக்கிடையே சுமார் 48 அங்குலமே ஆன இடைவெளி ஆகியவை அதன் அடையாளங்கள். அந்த ஜீப்பில் வில்பட்டைகள் அச்சுக்கு அடியில் தொங்கின என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அவற்றை அச்சுக்கு மேலே மாற்றிப் பூட்டினால், அச்சுக்குழாயின் பருமனும் பட்டைக்கட்டின் பருமனும் சேர்ந்து வண்டி நான்கைந்து அங்குலம் எழுந்துவிடும். ஜீப்பைத் தூக்கிக் கட்டும் வித்தைகளில் மிகப் பழையது இதுதான்.

அதற்குப்பின் வந்த வண்டிகள் மீண்டும் தோளின் பக்கம் சாய்ந்தன. 1986இல் டாட்டா 407, 1980களின் இறுதியில் அதே நிறுவனத்தின் பிக்கப், பின்னர் மகிந்திராவின் பிக்கப்புகள், 2005இல் டாட்டா ஏஸ் என்று அந்த வரிசை நீள்கிறது. இவற்றுள் ஏஸ் வண்டிக்குத் தமிழ்நாடே குட்டி யானை என்று பெயரிட்டது. 12 அங்குலச் சக்கரத்தில் ஓடும் அதன் தொட்டியில் தரையில் நின்றபடியே ஒருவர் பெட்டியை வைத்துவிடலாம். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து தக்காளியையும், புளியங்குடியிலிருந்து எலுமிச்சையையும் ஏற்றிக்கொண்டு, கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744இல் புளியரை வளைவுகளைக் கடந்து கேரளத்துக்குப் போகும் சரக்கு இந்தச் சிறு வண்டிகளுக்கும் அவற்றின் அண்ணன்மார்களான லாரிகளுக்கும் பங்காயிற்று.

இந்தப் பிக்கப்புகள் பழசாகும்போது நேர்வதைப் புரிந்துகொள்ளப் பட்டைக்கட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரு முனையும் சுருட்டிக் கண்ணாக்கப்பட்ட நீளமான மெயின் பட்டையின்கீழ், ஒன்றைவிட ஒன்று குட்டையான பட்டைகள் அடுக்கப்பட்டு, நடுவே சென்டர் போல்ட் என்னும் ஒற்றைத் திருகாணியால் கோக்கப்பட்டு, யூ போல்ட்டுகளால் அச்சோடு கட்டப்பட்டிருக்கும். அடுக்கில் கீழே போகப்போக ஒவ்வொரு பட்டையும் தனக்கு மேலுள்ளதைவிடச் சற்று அதிகமாக வளைக்கப்பட்டிருப்பதால், போல்ட்டைக் கழற்றியதும் அவற்றுக்கிடையே வெளிச்சம் தெரியும். போல்ட்டை முறுக்க முறுக்க அந்த இடைவெளி மூடி, பட்டைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும். இந்த வளைவுக்குக் கமான் என்று பெயர். ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்ட வண்டியில் கமான் தளர்ந்து, வண்டி வெறுமையாக நிற்கும்போதே தாழ்ந்து கிடக்கும்; பட்டை உட்கார்ந்துவிட்டது என்பது பட்டறை வழக்கு. கமான் ஏற்றுபவர் துருவை உதிர்த்து, பட்டையைப் பட்டடையின்மேல் வைத்து, நடுவிலிருந்து முனைவரை நெருக்கமாகச் சுத்தியல் அடி கொடுத்து, காய்ச்சாமலேயே வளைவை மீட்கிறார். காய்ச்சி வளைப்பது எளிது. ஆனால் மீண்டும் முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் எஃகு தன் துள்ளலை இழந்து சில மாதங்களில் மறுபடி உட்கார்ந்துவிடும். ஆகவே பழைய பிக்கப்பைத் தூக்க வேண்டும் என்று வருபவர்களில் பலருக்கு வேண்டியது இழந்த உயரமே தவிர, கூடுதல் உயரமன்று. இந்த வேறுபாட்டைப் பட்டறையில் முதலிலேயே சொல்லிவிடுவது நல்ல பட்டறைக்காரருக்கு அழகு. சொல்லாதவருக்கு வரும்படி அதிகம்.

உண்மையிலேயே மேலும் தூக்க நினைப்பவருக்குக் கூடுதல் பட்டை சேர்ப்பது, பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைப்பது, பட்டையின் பின்முனையைத் தாங்கும் ஷேக்கிள் என்னும் தொங்கலை நீளமாக்குவது என வழிகள் பல. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. பட்டை கூடினால் வெறும் வண்டி கட்டை வண்டியைப்போலத் தூக்கிப்போடும். பாதிப்பாரம் ஏற்றினால் அடிபடுவது முதலில் தக்காளிதான். இன்ஜினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டு அதிகச் சாய்வில் ஓட நேர்வதால், அதன் இரு முனையிலும் உள்ள கிராஸ் என்னும் மூட்டு விரைவில் தேயும். சில பிக்கப்புகளில் பின் பட்டை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு பாரத்தை ஊகித்துப் பின்சக்கரப் பிரேக்கின் அழுத்தத்தை ஏற்றி இறக்கும் வால்வு ஒன்று உண்டு. வண்டியைத் தூக்கியதும் அது பாரம் இல்லை என்று ஏமாந்து, முழுப்பாரத்திலும் பின் பிரேக்கைத் தளர்த்திவிடும். புளியரை இறக்கத்தில் இந்த ஏமாற்றம் சிறிய செய்தியன்று.

சாய்ந்து கவிழும் அபாயத்தை எளிய கணக்காலேயே காட்டலாம். வண்டியின் சக்கர இடைவெளியில் பாதியை அதன் எடைமையத்தின் உயரத்தால் வகுத்தால், பக்கவாட்டு விசையை அது எந்த அளவுக்குத் தாங்கும் என்பது தெரியும். 48 அங்குல இடைவெளியும் 24 அங்குல உயரத்தில் எடைமையமும் உள்ள வண்டிக்கு விடை 1. அதே வண்டியை நான்கு அங்குலம் தூக்கினால் விடை ஏறக்குறைய 0.86, அதாவது ஏழில் ஒரு பங்கு தாங்குதிறன் போயிற்று. வைக்கோல் பாரம் ஏறும்போது எடைமையம் இன்னும் மேலே போகும். ஆடிமாதக் காற்று கணவாயிலிருந்து அதன் விலாவில் மோதும்.

இறக்கிக் கட்டும் வழக்கம் வேறொரு நிலத்தில் வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் முதலிய நகரங்களில் மெக்சிகோ வழிவந்த அமெரிக்க இளைஞர்கள் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பழைய கார்களைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, மாலை வேளைகளில் மெல்ல ஊர்வலம் வந்தனர். 1950களின் இறுதியில் கலிபோர்னியா அந்தத் தாழ்வுக்குச் சட்ட வரம்பிட்டது, 2024 ஜனவரி 1 முதல் அதை நீக்கியது. தெருவில் தமக்கும் இடம் உண்டு என்று காட்டிய வகையில் அந்த ஊர்வலங்களுக்கும் வில்வண்டிப் பயணத்துக்கும் தொலைவான உறவு உண்டு. ஒன்று உயர்ந்து காட்டியது, மற்றொன்று தாழ்ந்து காட்டியது. தென்காசிப் பிக்கப்புக்கோ அந்தத் தாழ்வு ஒத்துவராது. பாரம் ஏறியதும் அது நாள்தோறும் தானே சில அங்குலம் தாழ்கிறது. அதற்குமேலும் பட்டையைக் கழற்றினால் அறிவிப்பில்லாத வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிதட்டும்.

சட்டம் இந்த விவகாரத்துக்குள் மெல்ல மெல்லவே நுழைந்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வண்டியில் மாற்றம் செய்தவர் அதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற அளவில் நின்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2000இல் திருத்தப்பட்ட பிறகு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று தடுத்தது. கேரளத்திலிருந்து எழுந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், விதிக்கு மாறான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனையை வகுத்தது. கமான் ஏற்றி வண்டியைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு என்ற எல்லைக்குள் நிற்கிறது. கட்டை வைத்து எழுப்புவது அந்த எல்லையைத் தாண்டுகிறது.

தூக்கவும் இறக்கவும் மனமில்லாமல் இரண்டு பட்டையை மட்டும் மாற்றி, மற்றவற்றுக்குக் கமான் ஏற்றி, புது சென்டர் போல்ட் போட்டு, பட்டைகளுக்கிடையே கிரீஸ் தடவித் தரப்படும் பிக்கப்பில், வெறும் வண்டியாக நிற்கும்போதும் பாரம் ஏறிய பின்பும் சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் பிடித்து இரண்டு அளவுகள் எடுக்கப்படுகின்றன. இரண்டாவது அளவு எடுக்கப்படும் நேரத்தில் பின்கதவைத் திறந்துபோட்டு, தக்காளிப் பெட்டியைத் தோளிலிருந்து நேரே தொட்டிக்குள் நகர்த்தும் சுமைக்காரருக்கு அந்த எண் தேவைப்படுவதில்லை.