சுமந்து செல்லப்படும் அமானிதம்

நாமக்கல்லிலிருந்து சேலம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். புதுச்சத்திரம், ஆண்டகளூர் கேட், மல்லூர் என நீளும் அந்த நெடுஞ்சாலையை ஒட்டித்தான் எங்கள் மத்ரஸா இருக்கிறது. ஆம்புலன்சின் ஒலி கேட்டால் பிள்ளைகள் ஓதுவதை நிறுத்தி, உள்ளே இருப்பவரின் ஷிஃபாவுக்காக துஆச் செய்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் அப்படியொரு வண்டிக்குள் நானே அமர்ந்திருந்தேன்.

என் அத்தாவுக்கு நெஞ்சுவலி. அருகிலிருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். பிறகு "சேலத்துக்குக் கொண்டு போய்விடுங்கள்" என்றார்கள். பதற்றத்தில் அத்தாவை வண்டியில் ஏற்றினோம். சேலத்தில் இறங்கியதும் பணியிலிருந்த மருத்துவர் கேட்டார்: "என்ன ஊசி போட்டாங்க பாய்? எத்தனை மணிக்கு?" நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து முன்பே கொடுக்கப்பட்டிருந்தால், அதை அறியாமல் மீண்டும் கொடுப்பது உயிருக்கே ஆபத்தான இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். முதல் மருத்துவமனையின் மேசையிலேயே சீட்டு தங்கிவிட்டது. தொலைபேசியை அங்கே எவரும் எடுக்கவில்லை. விவரம் கிடைக்க நாற்பது நிமிடங்கள் ஆயின. அல்லாஹ்வின் கிருபையால் அத்தா பிழைத்தார்கள். ஆனால் அந்த நாற்பது நிமிடங்களை நான் மறக்கவில்லை.

அதன் பின்னர்தான், நோயாளியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வதைப் பற்றி வரலாற்றில் தேடத் தொடங்கினேன். பல ஆண்டுகளாக நான் பாடம் நடத்திய நூல்களிலேயே அது இருந்தது. என் கண்தான் அங்கே நின்றதில்லை.

நபி (ஸல்) அவர்களுடன் போர்களுக்குச் சென்று, வீரர்களுக்குத் தண்ணீர் புகட்டி, காயமுற்றோரையும் உயிர்நீத்தோரையும் மதீனாவுக்குக் கொண்டுவந்து சேர்த்ததாக ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டின் அகழ்ப் போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கை நாளத்தை அம்பு துளைத்தது. அருகிலிருந்து நலம் விசாரிக்க வேண்டும் என்பதற்காக நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே அவருக்குக் கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அது காயமுற்றோரைப் பராமரித்து வந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். பின்னர் ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறுவதற்காக ஸஅத் (ரலி) அழைக்கப்பட்டபோது, கழுதையின் மீது தோல் திண்டு இட்டு, அதன்மேல் அவரை அமர்த்தி, அவருடைய கூட்டத்தார் உடன்வர அழைத்துச் சென்றார்கள். அவர் கனத்த உடல்வாகு கொண்டவர் என்பதையும் அந்த அறிவிப்பு கூடவே சொல்கிறது. பிற்பாடு அவருடைய காயம் மீண்டும் திறந்து, ஷஹீதானார். அதைப் பயணத்தோடு முடிச்சிட்டுப் பேச எனக்கு உரிமையில்லை. என் மனம் அந்தத் திண்டிலேயே நிற்கிறது. இன்னார் உடல் இத்தகையது, இவருக்கு இது வேண்டும் என்று புறப்படும் முன் ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

நம் மக்களின் தோள்களும் இந்த வரலாற்றில் உண்டு. 1899 டிசம்பரில், போயர் போரின்போது, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் காந்தி ஓர் இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். அவரை வழக்கறிஞராக அந்நாட்டுக்கு முதலில் வரவழைத்தது தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் நிறுவனம் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படையில் ஏறத்தாழ 1,100 பேர். அவர்களில் சுமார் 300 பேரே சுதந்திரமானவர்கள். ஏனையோர் கரும்புத் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்கள். நேட்டாலின் ஒப்பந்தக் கூலிகளுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய தமிழரும் தெலுங்கரும் ஆவர்.

டாக்டர் பூத் என்பவர் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். கொலென்சோ, ஸ்பியோன் காப் ஆகிய போர்க்களங்களில் காயமுற்றோரைக் கள மருத்துவமனையிலிருந்து பின்னாலிருந்த மருத்துவமனைகளுக்கும் இரயிலடிக்கும் அவர்கள் ஸ்ட்ரெச்சரில் சுமந்தார்கள். சில நாள்களில் 20 முதல் 25 மைல், அதாவது 32 முதல் 40 கிலோமீட்டர். நாமக்கல்லிலிருந்து மல்லூர் வரை ஒரு மனிதரைத் தோளில் தாங்கி, குலுங்காமல் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அரசுப் பதிவேடுகளில் ஒப்பந்தக் கூலி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. சுமந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குச் சொல்லப்படவில்லை.

தோள் போய் வண்டி வந்தது. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கிற்று. சேலத்தில் 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. நாமக்கல்லுக்கு அது 2022 ஜனவரியில்தான் வாய்த்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை குடும்பங்கள் இந்தச் சாலையில் யாஸீன் ஓதியபடி சென்றிருக்கும்!

வண்டி விரைந்தால் மட்டும் போதாது என்பதை நம் மாநிலத்திலேயே ஓர் ஆய்வு காட்டியது. 2012 முதல் 2014 வரை, மாரடைப்பு நோயாளிகளுக்காகச் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்தார்கள். இ.சி.ஜி. படத்தைத் தொலைவிலிருந்தே மருத்துவர் பார்க்க வழி செய்தார்கள். தேவைப்படுவோருக்குச் சிறிய மருத்துவமனையிலேயே கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்து, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் இரத்தக்குழாய்ப் பரிசோதனைக்காகப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஆய்வில் இடம்பெற்றவர்கள் 2,420 பேர். ஓராண்டுக்குள் இறந்தோர் முன்பு 17.6 சதவீதம்; இந்த ஏற்பாட்டுக்குப் பின் 14.2 சதவீதம். நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேர். அந்த மூவரும் எவருக்கோ அத்தாவாகவோ அம்மாவாகவோ இருந்திருப்பார்கள்.

ஒரு மருத்துவமனைக்குள்ளேயே தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து பொது வார்டுக்கு மாற்றும்போதும் இதே நிலைதான். என்ன நோய், என்ன மருந்து, எந்த நேரத்தில், எது ஒவ்வாது என்பவற்றை அனுப்புகிறவர் எழுதியும் வாயால் சொல்லியும் ஒப்படைக்க வேண்டும். ஏற்பவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் வழி முழுவதற்கும் போதுமான அளவு உள்ளதா என்று புறப்படும் முன் பார்க்க வேண்டும். அமானிதத்தை அதற்குரியவரிடம் சேர்ப்பிக்குமாறு குர்ஆன் கட்டளையிடுகிறது. பாடத்தில் அதற்கு நான் எப்போதும் பணத்தையும் நகையையும் உதாரணம் காட்டி வந்தேன். இப்போது மருத்துவமனைச் சீட்டையும் சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் தொழுகை விரிப்பு வைக்கும் இடத்துக்கு மேலே ஓர் ஆணியில் மஞ்சள் பை தொங்குகிறது. அத்தாவின் பழைய இ.சி.ஜி., மருந்துகளின் பெயர், அளவு, பென்சிலின் ஒவ்வாது என்ற குறிப்பு, ஒரு பேனா. பேனாவை அம்மாதான் போட்டார்கள். ஊசி போட்ட நேரத்தைக் குறிப்பதற்காக.