கரியும் தைலமரமும்: புதுக்கோட்டை வழியே ஓர் எரிபொருள் வரலாறு

புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே உள்ள பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2021இலும், மாநிலத் தொல்லியல் துறை 2023இலும் அகழாய்வு செய்தன. அங்கே கிடைத்த அணிகலன்களும் பானையோடுகளும் செய்தியாயின. அவ்வட்டாரத்தில் சிதறிக் கிடக்கும் இரும்புக் கிட்டத்தைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. ஆனால் எஃகு, சிமெண்ட், காகிதம் போன்று ஆற்றலை மிகுதியாகக் கோரும் தொழில்களின் கரிம உமிழ்வை எப்படிக் குறைப்பது என்ற இன்றைய கேள்விக்கு, அந்தக் கிட்டத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

கிட்டத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் எதிர்பாராத கனம் தெரியும். குழம்பாக வழிந்து உறைந்த வரிகள் மேற்பரப்பில் இருக்கும். அந்தக் கனத்துக்குக் காரணம், பிரிக்கப்படாமல் உள்ளேயே தங்கிவிட்ட இரும்பு. களிமண் உலையில் தாதையும் மரக்கரியையும் அடுக்கி, துருத்தியால் சுடுமண் குழாய் வழியே காற்றை ஊதினார்கள். கரி அங்கே இரண்டு வேலை செய்தது. ஒன்று, வெப்பம் தந்தது. மற்றொன்று, தாதில் பிணைந்திருந்த ஆக்சிஜனைப் பறித்து இரும்பை விடுவித்தது. உலகக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்கு எஃகுத் தொழில் காரணமாக இருப்பதும், வெறும் மின்சாரத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாததும் இந்த இரண்டாவது வேலையால்தான்.

இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1709இல் மரக்கரிக்குப் பதில் கல்கரியைக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டினார். தமிழகத்தில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் மரக்கரியே எரிபொருள். ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் நிறுவிய இரும்பாலை சேலத்துத் தாதை மரக்கரியால் உருக்கியது. கிராமத்து உலைக்குப் போதுமாக இருந்த காடு பேராலைக்குப் போதவில்லை. கரிக்காக மேலும் மேலும் தொலைவுக்குப் போக வேண்டியிருந்தது. செலவு ஏறியது. கல்கரியில் உருக்கிய மலிவான ஆங்கிலேய இரும்பு இறக்குமதியானது. 1860களில் அம்முயற்சி அடங்கிப்போனது. மரத்தை எரித்துப் பெருந்தொழில் நடத்துவதன் எல்லையைத் தமிழ் மண் அப்போதே கண்டுவிட்டது.

இன்று அதே மரக்கரி தூய எரிபொருள் என்ற பெயரோடு திரும்பி வருகிறது. பிரேசிலில் யூகலிப்டஸ் தோட்டங்களிலிருந்து கரி எடுத்து இரும்பு உருக்கும் ஆலைகள் உள்ளன. சுவீடனின் ஹைபிரிட் திட்டம் வேறு வழியில் சென்று, 2021இல் ஹைட்ரஜனைக் கொண்டு கடற்பாசி இரும்பு தயாரித்துக் காட்டியது. அதில் ஆக்சிஜனைப் பறிக்கும் வேலையை ஹைட்ரஜன் செய்வதால் வெளியேறுவது நீராவிதான். மரமா ஹைட்ரஜனா என்ற தேர்வில் நமக்கு அனுபவம் இருப்பது மரத்தில். அந்த அனுபவத்தைப் புதுக்கோட்டையில் தேட வேண்டும்.

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரியில். தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். மக்கள் தைலமரம் என்றழைக்கும் யூகலிப்டஸ் அக்கழகத்தின் தோட்டங்களாக இம்மாவட்டத்து வனநிலங்களில் பெருமளவு பரவியது. வெட்டிய மரம் இரும்பு உலைக்குப் போகவில்லை, காகித ஆலைகளுக்குப் போனது. காகிதமும் நீராவியையும் மின்சாரத்தையும் பெருமளவில் உண்ணும் தொழில்தான்.

1979இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984 முதல் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்தது. மரத்தைக் காத்த முயற்சி என்று அதைப் பாராட்டுவது நியாயம். ஆனால் சக்கை சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்கு உரிய எரிபொருள். அதை எடுத்துக்கொண்டதற்கு ஈடாக அந்த ஆலைகளுக்கு நிலக்கரி தரப்பட்டது. மரம் தப்பியது, நிலக்கரி எரிந்தது. உமிழ்வு ஆலையின் வாசலைத் தாண்டி இடம் மாறியதே ஒழிய மறையவில்லை.

அதே ஆலையில் உண்மையான குறைப்பு நடந்த இடங்கள் வேறு. சக்கையைக் கழுவிய கழிவுநீரிலிருந்து மீத்தேனைப் பிடித்து, சுண்ணாம்புச் சூளையில் உலை எண்ணெய்க்குப் பதிலாக எரித்தது ஒன்று. காற்றில் கலந்தால் கார்பன் டை ஆக்சைடைவிடப் பன்மடங்கு வெப்பம் கூட்டும் வாயு மீத்தேன். சுண்ணாம்புக் கசடையும் நிலக்கரிச் சாம்பலையும் சேர்த்து ஆலையிலேயே சிமெண்ட் செய்தது இன்னொன்று. கூழ் காய்ச்சிய பின் மிஞ்சும் கருஞ்சாற்றை மீட்புக் கொதிகலனில் எரித்து நீராவி எடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். இவை எதற்கும் ஒரு குழி நிலம்கூடப் புதிதாகத் தேவைப்படவில்லை.

தோட்டத்துக்கு நிலம் வேண்டும், நீரும் வேண்டும். புதுக்கோட்டை ஆற்றுப்பாசனத்தை அதிகம் நம்ப முடியாத, கண்மாயும் ஏந்தலும் காக்கும் மாவட்டம். தைலமரக் காடுகளில் மழைநீரைத் தேக்க எழுப்பிய வரப்புகளும் வெட்டிய குழிகளும் கண்மாய்க்கு ஓடிவர வேண்டிய தண்ணீரை மறித்துவிட்டன என்பது இங்குள்ள விவசாயிகளின் நெடுநாள் குறை. 2017இல் இம்மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து எழுந்தவர்கள் முன்வைத்ததும் நிலத்தடி நீரைப் பற்றிய அச்சமே. புதைபடிவ எரிபொருளுக்கு வைத்த அந்தச் சோதனையை மரத்துக்கும் வைக்க வேண்டும்.

இந்தியாவில் 2012இல் நடைமுறைக்கு வந்த ஆற்றல் திறன் இலக்குத் திட்டம் ஆலையின் வாயிலுக்குள் நடப்பதையே அளந்தது. 2023இல் அறிவிக்கப்பட்ட கார்பன் வரவு வணிகத் திட்டத்தின் கீழ் காகிதத் தொழிலுக்கும் உமிழ்வுச் செறிவு இலக்குகள் வருகின்றன. வெட்டிய மரம் மீண்டும் வளரும் என்ற அனுமானத்தில், ஆலைக் கணக்கில் மரத்தின் கரிமம் பெரும்பாலும் சுழியம். அந்தச் சுழியத்தை ஏற்பதற்கு முன், மரம் வந்த தோட்டம் எந்தக் கண்மாயின் நீர்ப்பிடிப்பில் நிற்கிறது, வரத்துக்கால் திறந்திருக்கிறதா, வெட்டிய இடத்தில் மீண்டும் என்ன நடப்பட்டது என்ற விவரங்களும் ஆலையின் பதிவேட்டில் ஏற வேண்டும். அவற்றைச் சரிபார்க்கும் உரிமை அந்தக் கண்மாயின் ஆயக்கட்டுக்காரர்களுக்கு இருக்க வேண்டும்.