கொடுப்பில் அடக்கிய பாக்கு

இரத்தினபுரியிலிருந்து களு கங்கை வழியே களுத்துறைக்குப் பாரப்படகுகள் ஓடிய காலத்தில், அவை சுமந்து சென்ற பண்டங்களுள் பாக்கும் ஒன்று. சபரகமுவ மலைச்சாரலிலும் கண்டி இராச்சியத்திலும் விளைந்த பாக்கினை ஒல்லாந்தர் வாங்கித் தென்னிந்தியக் கரைக்கு அனுப்பிப் பெரும்பொருள் ஈட்டினர். அந்த இராச்சியத்தில் இருபது ஆண்டளவு சிறையிருந்து, 1681இல் தம் நூலை வெளியிட்ட றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், பாக்கு மரத்தையும் அதன் வாணிகத்தையும் குறிக்காமல் விடவில்லை. பாக்கு அவ்வாறு கடல் கடக்க, யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பயணத்தின் திசை மாறியது. முதலிற் கோப்பிக்கும், கோப்பி நோயுற்று அழிந்த பின்னர் தேயிலைக்கும், அதன் பின் கேகாலை, யட்டியாந்தோட்டை, எஹலியகொடைப் பகுதிகளில் றப்பருக்குமாகத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து மக்களைக் கங்காணிமார் அழைத்து வந்தனர். பாக்கினைச் சுவைத்துப் பழகிய மக்கள் பாக்கு விளையும் நாட்டுக்கே வந்து குடியேறினர் என்று சொல்லலாம். லயத்தில் வாழ்ந்த குடும்பம் எத்துணை வறியதாயினும் வெற்றிலைப் பை இல்லாதிருந்தது அரிது.

புற்றுநோய் எதனால் வருகின்றது என்ற வினாவுக்கு நெடுங்காலம் விதி என்றும், இரத்தக் கேடு என்றும் விடை கூறப்பட்டது. மனிதனுக்குப் புறத்தேயுள்ள ஒரு பொருள் அதற்குக் காரணமாகலாம் என்பதை ஐயத்திற்கிடமின்றிச் சுட்டியவருள் முற்பட்டவர் இலண்டன் அறுவை வைத்தியர் பெர்சிவல் பொட். புகைபோக்கிகளுக்குள் ஏறிச் சுத்தம் செய்த ஏழைச் சிறுவருக்குப் பிற்காலத்தில் விதைப்பையிற் புற்று உண்டாவதைக் கண்ட அவர், தோலின் மடிப்பில் தங்கும் புகைக்கரியே காரணம் என 1775இல் எழுதினார். 1915இல் ஜப்பானியரான யமகிவாவும் இச்சிக்காவாவும் முயலின் செவியில் மாதக்கணக்காக நிலக்கரித் தாரைப் பூசிப் புற்றினைத் தோற்றுவித்துக் காட்டினர். ஒரு பொருள் ஒரே இடத்தில் நாள்தோறும் படிய வேண்டும், ஆண்டுகள் கழிய வேண்டும். பொட்டின் மடிப்பும் முயலின் செவியும் உணர்த்தியது இதுவே.

நம்மவரிடத்து அந்த மடிப்பு கொடுப்பாகும். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் கூடிய உருண்டையை மென்று கொடுப்பில் அடக்குவோர்க்கு, அடக்கிய பக்கத்திலேயே புற்று தோன்றுவதை வைத்தியர்கள் கண்டனர். சென்னையில் பணியாற்றிய நிப்ளொக் என்பவர் 1902இலேயே வெற்றிலை மெல்லுதலையும் கன்னப் புற்றையும் இணைத்து எழுதினார். 1933இல், அக்காலத்தில் திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் ஓர் என்னும் வைத்தியர், தம்மிடம் வந்த நோயாளரின் பழக்கங்களை ஆராய்ந்து அதே முடிவை விரிவாக வெளியிட்டார். உருண்டையை வாயில் வைத்தபடியே உறங்குவோர்க்கு ஆபத்து மிகுதி என்பது 1966இல் ஹிராயமா வெளியிட்ட ஆசிய நாடுகளின் ஆய்வில் தெளிவாயிற்று. உறங்கும்போது உமிழ்நீர் குறைய, கொடுப்பிலே பொருள் மட்டும் தங்குகின்றது. பொட் கண்ட மடிப்பு மீண்டும் நினைவுக்கு வருகின்றதன்றோ?

தோட்டத்து மக்கள் இதனை ஆடம்பரத்துக்காக மென்றனர் என்று கருதுவது பிழை. விடியற்காலைப் பெரட்டுக்குச் செல்வோர் வயிறார உண்டு செல்ல நேரமில்லை. உண்ணப் போதிய உணவும் பல வீடுகளில் இல்லை. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் உடலுக்கு வெம்மையையும் சுறுசுறுப்பையும் தருவது, பசியைச் சற்று மறக்கச் செய்வது. மழையில் நனைந்தபடி கொழுந்து பறிப்பவளுக்கும், இருளில் எழுந்து பால் வெட்டச் செல்பவனுக்கும் அது மலிவான துணையாயிற்று. இத்துணையைத் தேட வைத்த வாழ்க்கையும் நோயின் காரணங்களுள் ஒன்றே.

அரசாங்கம் தோட்டத்தாரின் உடல்நலத்தைப் பற்றி எண்ணாமலில்லை. 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்தது. 1916 முதல் றொக்பெலர் நிறுவனத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பு நடந்தது. 1934-35இல் கேகாலைப் பகுதியை வாட்டிய மலேரியாவை யாவரும் அறிவர். இவை உடனே கைகளை முடக்கும் நோய்கள். பெரட்டுக் கணக்கில் அன்றைக்கே தெரிந்துவிடும். இளமையில் தொடங்கிய பழக்கம் ஐம்பது வயதிற் புண்ணாக வெளிப்படும்போது, அந்தத் தொழிலாளி எந்தக் கணக்கிலும் இல்லை. வாய்ப்புற்று நெடுங்காலம் கவனிக்கப்படாமைக்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

புற்றாக மாறுமுன் வாய் எச்சரிக்கை தருகின்றது. கன்னத்தில் வெண்படலம் தோன்றும். சிலருக்குச் சிவந்த படலம், அது இன்னும் கொடியது. வேறு சிலருக்குக் கன்னத்தின் உட்தசை நார்போல இறுகி, வாய் திறக்க இயலாமற் போகும். காரமான சோறு வாயில் எரியும். இந்த இறுக்கத்தை 1952இல் சுவாட்ஸ் என்பவர் கீழை ஆபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டு எழுதினார். கடல் கடந்து சென்ற மக்களோடு பாக்கும் சென்றிருந்தது.

மத்திய மாகாணத்தில் அடிப்படைச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து வாய்களைச் சோதித்த முயற்சி 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. கிராமத்து ஊழியரும் இப்படலங்களை இனங்காண முடியும் என அது நிறுவிற்று. ஆனால் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோரிற் பலர் செல்லவில்லை. ஒரு நாட் பேரை இழந்து, பேருந்துக் காசும் கொடுத்து, வலியில்லாத படலத்தைக் காட்டச் செல்பவர் எத்தனை பேர்?

சபரகமுவ மாகாணத்திலேயே 2006-07இல் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று வகை இடங்களிலும் முப்பது வயதைக் கடந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரிடம் புற்றாக மாறக்கூடிய படலங்கள் காணப்பட்டன. நாள்தோறும் வெற்றிலை போடுவோர்க்கே ஆபத்து மிகுந்திருந்தது.

புகையிலையை நீக்கிவிட்டால் பாக்கு தீங்கற்றது என்று பலர் கருதினர். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையை மட்டுமே புற்றுண்டாக்கும் பொருளென்றது. 2004இல் வெளியிட்ட தன் நூலில் பாக்குத் தனித்தும் அவ்வாறானதே எனத் தீர்த்தது. இத்தீர்ப்பு லயங்களுக்கு இன்னும் சரிவரச் சென்றடையவில்லை.

மக்களின் அச்சம் வேறிடத்தில் இருக்கின்றது. களைகளுக்கு அடிக்கும் கிளைபொசேற் என்னும் மருந்தினை அதே நிறுவனம் 2015இல், புற்றுண்டாக்கும் வாய்ப்புடையது என வகைப்படுத்தியது. அவ்வாண்டிலேயே இலங்கை, சிறுநீரக நோயைக் காரணங்காட்டி அதனைத் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. லயத்துச் சமையலறையின் விறகுப் புகையும் அவ்வகையிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. மருந்துப் பீப்பாயைக் கண்டு அஞ்சுவதிற் பிழையில்லை. ஆனால் அயலார் கொண்டுவந்த பீப்பாயின்மேல் எழும் ஐயம், பாட்டி கையால் மடித்துத் தந்த வெற்றிலையின்மேல் எழுவதில்லை. தாம்பூலமின்றித் திருமணம் இல்லை, விருந்து இல்லை, துக்கத்திலும் அது முன்வைக்கப்படுகின்றது. அத்தகைய பொருளைக் குற்றவாளியென ஒப்புக்கொள்ள எந்தச் சமூகமும் தயங்கவே செய்யும்.

2016இல் புகையற்ற புகையிலைப் பொருட்களைத் தடை செய்யும் விதிகளை அரசாங்கம் வெளியிட்டது. அந்தத் தடை புகையிலையைப் பற்றியதேயன்றிப் பாக்கைப் பற்றியதன்று. கேகாலை வீட்டுத் தோட்டங்களிற் பாக்கு மரங்கள் முன்போலவே நெடிதுயர்ந்து நிற்கின்றன. கடைகளிற் சீவிய பாக்கு முன்போலவே விற்கப்படுகின்றது.