மந்திரவாதிகளின் போர் – 6: நம்பாதவன் பிழைத்தான்

குளத்துக்குள் இறங்கிய காலடித் தடங்கள் தெரிந்தன. ஏறிவந்த தடம் ஒன்றுகூட இல்லை. அருகே ஒரு தவப்பெண் இருந்தாள். இளவரசன் விஜயனின் தோழர்கள் எழுநூறு பேரும் எங்கே?

மகாவம்சம் சொல்லும் இந்தக் கதை நடந்த தம்பபண்ணி, இலங்கையில் தலவிலவுக்கு வடக்கே குதிரைமலைப் பக்கம் என்பார் பலர். நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று ஒரு நாயின் பின்னால் போனவன்தான் முதலில் அகப்பட்டான். அந்த நாயே ஒரு யட்சி. விஜயனோ தடத்தைப் பார்த்தான், தவக்கோலத்தை நம்பவில்லை. தவப்பெண்ணாக இருந்த யட்சி குவேனியின் கழுத்தில் சுருக்கு விழுந்தது.

1985இல் இங்கிலாந்தில் ஜூலியன் கோலொப் என்ற இளைஞர் எழுதிய கணினி விளையாட்டிலும் உயிர்நாடி இதுதான்: கண்ணில் தெரிவதை நம்புவதா, இல்லையா? பெயர் ‘கேயாஸ்’. பள்ளி நாட்களில் அட்டைகளை வைத்துத் தாமே உருவாக்கிய ஆட்டத்தை, 48 கிலோபைட் நினைவகமுள்ள ஸ்பெக்ட்ரம் கணினிக்குள் அடக்கியிருந்தார். கேம்ஸ் வொர்க்‌ஷொப் நிறுவனம் அதைக் கசெற்றில் வெளியிட்டது.

இரண்டு முதல் எட்டு மந்திரவாதிகள் வரை மோதலாம். பறவைநாகம் போன்ற பெரிய மிருகத்தை வரவழைக்கும் மந்திரம் பெரும்பாலும் பலிக்காது. ஆனால் பொய் மிருகமாக அழைத்தால் தவறாமல் வரும். மெய்யானதைப் போலவே கடித்துக் குதறும். எதிராளியிடம் ‘நம்பவில்லை’ என்ற மந்திரம் எப்போதும் உண்டு. பொய் மிருகத்தின் மீது ஏவினால் அது மறைந்துவிடும். மெய்யான மிருகத்தின் மீது ஏவினால் ஒன்றும் நடக்காது. அந்தச் சுற்றுக்கான மந்திரம் வீண். அதனால் திரையைவிட எதிரே இருப்பவரின் முகத்தையே கூர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

பொய்யை ஆட்டவிதியாக்கிய கோலொப், பின்னாளில் வேற்றுலகவாசிகளின் படையெடுப்பைப் பற்றிய பெரிய விளையாட்டொன்றில் இறங்கினார். மைக்ரோபுரோஸ் நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. வேலை பாதியில் இருக்கும்போதே நிறுவனம் கைமாறியது. புதிய அமெரிக்க உரிமையாளர்கள் ஆணையிட்டார்கள்: இதை நிறுத்துங்கள்.

விளையாட்டு செத்துவிட்டதென்றே அவர்கள் நம்பினார்கள். ஆனால் இங்கிலாந்து அலுவலகத்தின் மேலாளர்கள் வேறொரு முடிவு எடுத்திருந்தார்கள். அதை உரிமையாளர்களுக்கும் சொல்லவில்லை, கோலொப்புக்கும் சொல்லவில்லை.

என்ன முடிவு அது?

(அடுத்த வாரம்)