சிங்க இறாலின் ஓடும் முழங்கால் நோவும்

ஐம்பது வயதைக் கடந்த மாதருட் பலர் படியேறவும் தரையிலிருந்து எழவும் இடர்ப்படுதல் எந்நாட்டிலும் காணப்படுவதே. முழங்கால் மூட்டிலுள்ள எலும்பு முனைகளைப் போர்த்திருக்கும் குருத்தெலும்பு தேய்வதனால் விளையும் இந்நோய், அவ்வயதின்பின் ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றுகின்றது. தேய்ந்த குருத்தெலும்பை மீட்டுத்தரும் மருந்து இன்றுவரை இல்லை. அவ்வெற்றிடத்திற் புகுந்தனவே குளுக்கோசமைன் முதலிய உணவுக் குறைநிரப்பிகள்.

குளுக்கோசமைன் கண்டறியப்பட்டது நோயாளர் பொருட்டன்று. 1876ஆம் ஆண்டில், ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஹொப்பே சைலரின் ஆய்வுகூடத்தில் உழைத்த கியோர்க் லெடர்ஹோஸ் என்பார், சிங்க இறாலின் ஓட்டிலுள்ள கைற்றின் என்னும் பொருளைச் செறிந்த ஐதரோக்குளோரிக்கமிலத்தாற் சிதைத்து அதனைப் பெற்றார். அதன் அமைப்பை ஹேவொர்த் முற்றாக நிறுவியது 1939இலாகும். மனிதரின் குருத்தெலும்பிலும் இதன்வழி வந்த கூறுகள் உள. எனவே, உள்ளே தேய்வதை வாய்வழியே ஊட்டினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. எண்ணம் எளிது, கவர்ச்சியும் உடைத்து. ஆயின், உண்டது மூட்டிற் சென்று குருத்தெலும்பாகின்றதா என்பது பிறிதொரு வினா.

1994இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய சட்டம், இத்தகைய பொருள்களை விற்குமுன் அவற்றின் பயனை அரசுக்கு நிறுவவேண்டிய கடப்பாட்டை விதிக்கவில்லை. வணிகம் பெருகியது.

சான்றுகளோ ஒருமுகப்படவில்லை. மாதவிடாய் நின்ற 319 பெண்களைப் பற்றி 2004இல் வெளிவந்த ஆய்வொன்றில், மூன்றாண்டு குளுக்கோசமைன் சல்பேற்று உண்டோரின் மூட்டிடைவெளி குறுகவில்லை. வெறுங்குளிசை உண்டோர்க்கு அது 0.33 மில்லிமீற்றர் குறுகிற்று. நம்பிக்கையூட்டும் முடிபே. எனினும் அதற்கு அடிப்படையான சோதனைகளுக்கு அம்மருந்தைச் செய்த நிறுவனமே பொருளுதவியது என்பதையும் மறத்தலாகாது. அமெரிக்க அரசின் பொருளுதவியுடன் நடந்து 2006இல் வெளியான சோதனையில் 1583 பேர் பங்குகொண்டனர். ஏறத்தாழ மூவருள் இருவர் பெண்கள். இருபத்துநான்கு கிழமைகளின்பின் நோவு ஐந்திலொரு பங்கேனும் தணிந்தோர், குளுக்கோசமைன் உண்டவருள் நூற்றுக்கு 64.0, வெறுங்குளிசை உண்டவருள் 60.1. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியதே. அங்கு வழங்கப்பட்டது சல்பேற்றன்று, ஐதரோக்குளோரைட்டு என்பர் மறுப்போர். அம்மறுப்பைப் புறந்தள்ளல் இயலாது. ஆயினும் வெறுங்குளிசையே நூற்றுக்கு அறுபதின்மரின் நோவைத் தணித்ததாகத் தோன்றியமை, உண்டு சுகங்கண்டேன் எனும் கூற்றின் வலிமையைப் பெரிதுங் குறைக்கின்றது.

வைத்தியருள்ளும் ஒருமைப்பாடில்லை. 2019இல் ஐரோப்பிய வல்லுநர் குழுவொன்று மருந்துத் தரமுடைய சல்பேற்றை ஏற்றது. அதே ஆண்டின் அமெரிக்க வாதநோய் வைத்தியர் நெறிகளோ குளுக்கோசமைனை வன்மையாக விலக்கி, உடற்பயிற்சியையும் எடைகுறைப்பையும் வற்புறுத்தின.

எடைபற்றிய சான்று பழையது. மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிறேமிங்காம் ஊர்ப் பெண்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட முடிபின்படி, பத்தாண்டில் ஏறக்குறைய 5 கிலோகிராம் எடை குறைந்த பெண்கட்கு முழங்கால் நோய் தோன்றும் வாய்ப்புப் பாதிக்குமேல் குறைந்திருந்தது.